கணக்கு இல்லாதவள் கையில் ஒரு கார்டு

கண்ணு,

கல்யாணம் முடிந்து மூன்று நாளாகியும் வீட்டில் சாமந்திப்பூ வாசனை போகவில்லை. உன் அப்பா வாசலில் ஆட்டோவைக் கழுவிக்கொண்டிருக்கிறார். நாளை உன்னையும் மாப்பிள்ளையையும் அதில்தான் ஸ்டேஷனுக்குக் கொண்டுபோய் விடுவாராம். வாடகைக் கார் வேண்டாம் என்று அடம்பிடிக்கிறார். நீ உள்ளே பெட்டி அடுக்குகிறாய். நான் சமையலறை மேடையில் காகிதத்தை வைத்துக்கொண்டு நின்றபடியே எழுதுகிறேன். உட்கார்ந்தால் யாராவது வந்து ஏதாவது கேட்பார்கள்.

முந்தாநாள் பெரியம்மா உன் கையைப் பிடித்துக்கொண்டு, "சம்பளம் வந்தா அப்பிடியே மாப்பிள்ள கையில குடுத்துடுமா, அதான் நமக்கு மரியாதை" என்று சொன்னபோது நீ என்னைத் திரும்பிப் பார்த்தாய். அத்தனை பேர் நடுவில் நான் வாயைத் திறக்கவில்லை. சொல்ல ஒன்றும் இல்லாமல் அல்ல. சொல்ல வேண்டியது ஒரு வாக்கியத்தில் அடங்காது. அதனால்தான் இந்தக் கடிதம். இதில் மறைக்க எதுவும் இல்லை. மாப்பிள்ளை படிக்கட்டும், பெரியம்மா படிக்கட்டும், வேறு யார் கையில் கிடைத்தாலும் அவர்களும் படிக்கட்டும்.

உன் அப்பாவைப் பற்றி உனக்குப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. குடி கிடையாது, சீட்டு கிடையாது, என்னை ஒருநாளும் கைநீட்டி அடித்ததில்லை. அவருக்கு இருந்த ஒரே வியாதி, யார் கேட்டாலும் இல்லை என்று சொல்லத் தெரியாதது. ஐயம்பேட்டைக்கும் காஞ்சிபுரம் பஸ் ஸ்டாண்டுக்கும் ஷேர் ஆட்டோ ஓட்டுகிற மனிதரிடம் வழியெல்லாம் கஷ்டம் ஏறி இறங்கும். ஒருமுறை உன் பள்ளிக்கூடத்துக்குக் கட்ட வேண்டிய பணத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனவர் வெறும் பையோடு வந்தார். முசரவாக்கத்திலிருந்து ஒரு பெண்ணைப் பிரசவ வலியோடு ஏற்றிக்கொண்டு போய் ஆஸ்பத்திரியில் சேர்த்து, மருந்து வாங்கிக் கொடுத்து, கூட வந்தவர்களுக்குச் சாப்பாடும் வாங்கிக் கொடுத்திருக்கிறார். "பொண்ணு பொறந்துக்கிதும்மா, உருண்டையா இருக்குது" என்று சிரித்துக்கொண்டு நின்றவரை நான் என்னவென்று திட்டுவது? திட்டவும் முடியாது, உன் பள்ளிக்கூடத்தில் போய்ச் சொல்லவும் முடியாது. பணத்தை அரிசி டின்னில் வைத்தேன், சாமி படத்துக்குப் பின்னால் வைத்தேன். எங்கே வைத்தாலும் அது வீட்டுப் பணம். வீட்டுப் பணம் என்றால் ஊர்ப் பணம். நம் வீட்டில் அதுதான் நடைமுறை.

பணத்தை வீட்டுக்கு வெளியே வைக்க வேண்டும் என்று அப்போதுதான் தோன்றியது. நான் பட்டுக்கடையில் சேலை முந்தானைக்குக் குஞ்சம் கட்டும் வேலைக்குச் சேர்ந்து கொஞ்ச நாள் ஆகியிருந்தது. நல்ல சேலையாக ஒன்றைக் கட்டிக்கொண்டு, மதியச் சாப்பாட்டு நேரத்தில் பாங்குக்குப் போனேன். கண்ணாடிக் கதவுக்கு உள்ளே குளிர்ச்சியாக இருந்தது. மேஜைக்குப் பின்னால் இருந்தவர் மரியாதையாகத்தான் பேசினார். அதை மறைக்கக் கூடாது.

"ரேஷன் கார்டு எடுத்தாந்தீங்களாம்மா?"

"அது எங்க வீட்டுக்காரரோட அண்ணன், மச்சாண்டார் வீட்ல இருக்குது சார். நாங்க தனியா வந்துட்டோம். பேர் இன்னும் பிரிக்கல."

"அப்ப விலாசத்துக்கு வேற இன்னா வச்சிருக்கீங்க? வாடகைப் பத்திரம்?"

"வாயால பேசினதுதான் சார்."

"ஏற்கெனவே இங்க கணக்கு வச்சிருக்கறவங்க யாராவது அறிமுகக் கையெழுத்து போடுவாங்களா?"

என்னோடு குஞ்சம் கட்டுகிற பெண்களில் ஒருத்திக்கும் கணக்கு கிடையாது. முதலாளியிடம் போய்க் கேட்கக் கூச்சம். எழுந்து வந்துவிட்டேன். அவர் சட்டத்தை அவர் சொன்னார். ஆனால் வெயிலில் இறங்கி நடக்கும்போது ஒன்று என்னைக் குடைந்தது. காலையிலிருந்து சாயங்காலம் வரை குனிந்து உட்கார்ந்து நானே சம்பாதிக்கிற பணத்தை வைக்க இந்த ஊரில் எனக்கு ஓர் இடமில்லை. நான் இன்னார் வீட்டுக்காரி, இன்னாருக்கு அம்மா. எனக்கென்று ஒரு விலாசம் கிடையாது. அன்று சாயங்காலம் சாப்பிடாமலே பாயை விரித்துப் படுத்தேன். ஏன் என்று நீ கேட்டாய். தலைவலி என்றேன்.

ஒரு வருஷம் போயிருக்கும். கடையில் கூலியைக் கவரில் போட்டுக் கொடுப்பதை நிறுத்தி, எல்லாருக்கும் பாங்க் வழியாகவே கொடுக்கப்போவதாக முதலாளி சொன்னார். கணக்கு இருக்கிறவர்களுக்குக் கணக்கில் போடுவார்கள். இல்லாதவர்களுக்கு? ஒரு பாங்கிலிருந்து சின்ன வயசுப் பெண் ஒருத்தி பை நிறைய உறைகளோடு வந்து, எங்களைப் பாயில் உட்காரவைத்துப் பேசினாள். "இது ப்ரீபெய்டு கார்டுக்கா. செல்போன்ல முன்னாடியே காசு போட்டு அப்புறமா பேசறோம்ல, அது மாதிரி. உங்க கூலிய கடையிலேருந்து இதுல ஏத்திடுவாங்க. நீங்க மெஷின்ல எடுத்துக்கலாம். பாஸ்புக் இல்ல, செக் புக் இல்ல, இவ்ளோ ரூபா எப்பவும் வச்சிருக்கணும்னு கட்டாயம் இல்ல. எவ்ளோ ஏத்தறாங்களோ அவ்ளோதான் எடுக்க முடியும். கடன்ல போகவே போகாது."

என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த கன்னியம்மா, "ரேஷன் கார்டு கேப்பீங்களா?" என்று கேட்டாள். நான் கேட்கப் பயந்ததை அவள் கேட்டாள். "வேணாம்க்கா. நீங்க இங்க வேலை செய்யறீங்கன்னு உங்க முதலாளி எழுதித் தர்றார். அது போதும்" என்றாள் அந்தப் பெண். கண்ணு, அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். நான் அதை மனசுக்குள் திருப்பிச் சொல்லிப் பார்த்தேன். நான் வேலை செய்கிறேன், அது போதும். கார்டின் முன்பக்கத்தில் பெயர்கூட இல்லை. பின்பக்கம் வெள்ளையாக ஒரு பட்டை. அதில் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். புருஷன் பெயரின் முதல் எழுத்தைச் சேர்த்துப் போடவா என்று கேட்டேன். "உங்க இஷ்டம்க்கா" என்றாள். என் பெயரை மட்டும் போட்டேன்.

முதல் சம்பளத்தன்று நாங்கள் ஆறேழு பேர் ஒன்றாகக் கிளம்பிப் பஸ் ஸ்டாண்ட் பக்கம் இருக்கும் மெஷினுக்குப் போனோம். ஏதோ கோயிலுக்குப் போகிற மாதிரி எல்லாரும் தலையில் பூ வைத்திருந்தோம். வாட்ச்மேன், "ஒருத்தர் ஒருத்தரா போங்கம்மா" என்று தடுத்தார். முதலில் நான் போனேன். உள்ளே தனியாக நின்று, உறைக்குள் எழுதியிருந்த ரகசிய எண்ணை அழுத்தினேன். மெஷினுக்குள் ஏதோ பல்லைக் கடிக்கிற மாதிரி சத்தம் வந்தது. கெடுத்துவிட்டேன் என்று நினைத்தேன். அதற்குள் வாய் திறந்து புது நோட்டுகள் எட்டிப் பார்த்தன. வெளியே வந்து கையைத் தூக்கிக் காட்டினேன். இவர்கள் போட்ட கூச்சலில் டீக்கடையில் இருந்தவர்கள் எல்லாம் எழுந்து நின்று பார்த்தார்கள்.

உன் அப்பாவிடம் அன்றைக்கே சொன்னேன். ஒளிக்கவில்லை. அவர் கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அப்ப எனக்கு ஒரு அவசரம்னா இன்னா பண்றது?"

"என்னாண்ட கேளுப்பா. அவசரம் யாருக்குன்னு ரெண்டு பேரும் பேசுவோம். பேசிட்டு எடுப்போம்."

"நம்பர் சொல்லமாட்டியா?"

"மாட்டேன்."

அவருக்கு முகம் சுருங்கித்தான் போயிற்று. ஒரு வாரம் கழித்துக் கேட்டார், பேசினோம், எடுத்துக் கொடுத்தேன். மறுமுறை கேட்டார், பேசினோம், வேண்டாம் என்று இரண்டு பேருமே முடிவு செய்தோம். அதற்கு முன் பணத்தைப் பற்றி நாங்கள் பேசியதே கிடையாது. அது போன பிறகு சண்டைதான் போட்டிருக்கிறோம். நான் சொல்ல வருவதில் பாதி இதுதான். உன் பணம் உன் கைக்குள் இருந்தால் வீட்டில் பிரிவு வரும் என்று சொல்வார்கள். எங்களுக்குப் பேச்சு வந்தது.

அந்தச் சமயத்தில்தான் நீ பள்ளிக்கூடத்தில் பளுதூக்கும் போட்டிக்காகப் பாரம் தூக்க ஆரம்பித்திருந்தாய். உன் பி.டி. டீச்சர் வீட்டுக்கு வந்து, "இந்தப் பொண்ணு தோள பாருங்கம்மா, இது சும்மா விடற தோள் இல்ல" என்றபோது உன் அப்பா பயந்தார், நான் சிரித்தேன். மாவட்டம் ஜெயித்தாய், மாநிலம் ஜெயித்தாய், பள்ளிக்கூடத்து ரப்பர் ஷூவைப் போட்டுக்கொண்டே. நடுவில் ஒருநாள் மெஷினிலேயே கார்டின் எண்ணை எனக்கு மறக்காத ஒன்றாக மாற்றிக்கொண்டேன். இந்தூரில் நடக்கும் தேசியப் போட்டிக்குப் பெயர் வந்ததும் டீச்சர், அந்த ஷூவில் கால் வழுக்கும், பாரம் தூக்குகிறவர்களுக்கென்று மரக் குதிகால் வைத்த ஷூ இருக்கிறது என்றார். கார்டில் நான் தொடாமல் விட்டுவைத்ததில் பாதி அதற்கு ஆயிற்று. சென்னையில் வாங்கி வந்து நீ அதைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு தூங்கினாய்.

சென்ட்ரல் ஸ்டேஷனில் வண்டி புறப்படுகிற நேரத்தில் எனக்கு என்ன தோன்றியதோ, இடுப்பில் செருகியிருந்த சின்ன பர்சிலிருந்து கார்டை எடுத்து ஜன்னல் வழியாக உன் கையில் திணித்தேன். "வச்சிக்கோ, ஆத்திர அவசரத்துக்கு." நீ வாங்கி டிராக் பேன்ட் பையில் போட்டு ஜிப்பை இழுத்தாய். வண்டி நகர்ந்து, உன் கை மறைந்த பிறகுதான் உன் அப்பா கேட்டார், "நம்பர சொன்னியா?" சொல்லவில்லை. ஒருவருக்கும் சொல்லக் கூடாது என்று வாயைக் கட்டிப் பழகிப் பழகி, சொல்ல வேண்டியவளுக்கும் சொல்லவில்லை.

இரண்டு நாள் கழித்துக் காலையில் நாயுடு கடைப் பையன் மூச்சு வாங்க ஓடிவந்தான். நம் தெருமுனை மளிகைக் கடை நாயுடுவின் போன்தான் அப்போது பாதித் தெருவுக்குப் போன். நான் மாவுக் கையோடு ஓடினேன். ரிசீவரில் உன் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி இருந்தது. வண்டியில் எல்லாரும் தூங்கியபோது டீச்சருடைய பையையும் உன் பையையும் எவனோ தூக்கிக்கொண்டு போய்விட்டான். டீச்சர் வைத்திருந்த பணம் எல்லாம் போயிற்று. உன் ஷூ போயிற்று. செருப்போடு மேடை ஏற விடமாட்டார்கள், வெறுங்காலோடும் விடமாட்டார்கள். உன் அளவுக்கு இரவல் கிடைக்கவில்லை. மதியம் உன் எடைப் பிரிவு.

"அம்மா, கார்டு மட்டும் என்கிட்ட இருக்குது. மெஷினும் எதிர்லயே இருக்குது. நம்பர் தெரியலமா."

வாயைத் திறந்தேன். அப்போதுதான் சுற்றிலும் பார்த்தேன். நாயுடு, நாயுடு வீட்டு அம்மா, எண்ணெய் வாங்க வந்தவர்கள், பால்காரர், கடைப் பையன், எல்லாரும் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நாயுடு பென்சிலை எடுத்து, "நீ நம்பர் சொல்லும்மா, லைன் சரியா கேக்காது, நான் கத்தி சொல்றேன்" என்றார். அவர் குரல் உனக்குத் தெரியும். அவர் கத்தினால் மாகறல் ஊர் வரைக்கும் கேட்கும்.

"கண்ணு, கவனமா கேளு" என்றேன். "நீ மொதமொதல்ல மேடையில தூக்கினியே, அந்த எடை ஞாபகம் இருக்குதா?"

"இருக்குதுமா."

"அத போடு. அதுக்குப் பின்னாடி, தூக்க முடியாம கீழ போட்டுட்டு வந்து என் மடியில படுத்து அழுதியே ஒரு நாளு..."

லைனில் இரைச்சல் கூடியது. ரிசீவரைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

"அதையாமா வச்சிருக்க?"

"அதான் எனக்கு மறக்காது. அத போடு. ரெண்டும் சேந்து நாலு நம்பர். நிதானமா அமுக்கு, தப்பா போயிட்டா மெஷின் கோச்சுக்கும்."

போனை வைத்ததும் நாயுடு, "இன்னா நம்பருன்னு கடைசி வரைக்கும் சொல்லவே இல்லியே" என்று அங்கலாய்த்தார். பால்காரர் சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தக் கார்டு எப்போதோ காலாவதியாகிவிட்டது. ஆனாலும் அந்த எண்ணை இங்கேயும் எழுதமாட்டேன்.

அதற்குப் பிறகு நடந்தது நீ சொல்லித்தான் எனக்குத் தெரியும், ஆனாலும் நான் சொல்கிறேன், ஏனென்றால் எத்தனை முறை சொன்னாலும் எனக்கு அலுக்காது. ஒரே தடவையில் எண் சரியாக விழுந்தது. காஞ்சிபுரத்தில் நான் குஞ்சம் கட்டிய கூலி இந்தூரில் ஒரு தெருவில் உன் கையில் வந்து விழுந்தது. டீச்சரும் நீயும் ரிக்‌ஷாவில் கடை கடையாக ஓடினீர்கள். மூன்றாவது கடையில் சிவப்பு நிறத்தில், பையன்களுக்கான அளவில் ஒன்று கிடைத்தது. முன்னால் துணியை அடைத்து மாட்டிக்கொண்டாய். உன் பெயரை மைக்கில் இரண்டாவது தடவை கூப்பிடும்போது நாடாவை முடிந்துகொண்டு ஓடி ஏறினாய். முதல் தூக்கு நின்றது. இரண்டாவது நின்றது. மூன்றாவதில் அதுவரை எங்கேயும் தொடாத எடையைக் கேட்டு வாங்கினாய். டீச்சர் கண்ணை மூடிக்கொண்டாராம். திறந்தபோது பாரம் உன் தலைக்கு மேலே நின்றது, நடுவர்களின் மூன்று விளக்கும் வெள்ளையாக எரிந்தன. தங்கம்.

சாயங்காலம் மறுபடி நாயுடு கடைக்குப் போன் வந்தது. இந்த முறை நீ சொன்னதை நாயுடுவே வாங்கி, தெருவுக்குத் திரும்பிக் கத்தினார். பொட்டுக்கடலையும் சர்க்கரையும் அள்ளி அள்ளி எல்லாருக்கும் கொடுத்தார், ஒரு பைசா வாங்கவில்லை. உன் அப்பா அன்று ஐயம்பேட்டை ஆட்களை எல்லாம் சும்மாவே ஏற்றிக்கொண்டு போனார். நான் கணக்குக் கேட்கவில்லை. நீ வந்து இறங்கிய நாளில் பஸ் ஸ்டாண்டிலிருந்து வீடு வரைக்கும் ஹாரனில் வைத்த கையை அவர் எடுக்கவேயில்லை. பாங்க் வாசலைத் தாண்டும்போது நான் தலையை நிமிர்த்தி உட்கார்ந்தேன். அவர்களைப் பழிக்க அல்ல. நிமிர்ந்து உட்கார எனக்குக் காரணம் இருந்தது, அவ்வளவுதான்.

அந்தத் தங்கம்தான் உன்னை ரயில்வேயில் வேலைக்குக் கொண்டுவந்தது. இப்போது உனக்குச் சம்பளக் கணக்கு இருக்கிறது, பாஸ்புக் இருக்கிறது, நீ கேட்டால் பாங்க்காரர்கள் வீட்டுக்கே வந்து கையெழுத்து வாங்கிக்கொண்டு போகிறார்கள். நல்லது. மாப்பிள்ளையோடு சேர்ந்து ஒரு கணக்கு வைத்துக்கொள், வீட்டுச் செலவு அதில் நடக்கட்டும். அதோடு உனக்கென்று ஒன்று, சின்னதாக இருந்தாலும், உன் கையெழுத்து மட்டும் போட்டதாக இருக்கட்டும். அதில் எவ்வளவு இருக்கிறது என்று அவருக்குத் தாராளமாகச் சொல். அவர் கஷ்டம் என்று வந்தால் முதல் ஆளாக எடுத்துக் கொடு. ஆனால் எடுக்கிற கை உன்னுடையதாக இருக்கட்டும். அவருக்கும் அப்படி ஒன்று இருக்கட்டும் என்று நீயே சொல். பெரியம்மா சொன்ன மரியாதை இதில் குறையாது. நானும் உன் அப்பாவும் இருக்கிறோமே, பார்த்துக்கொள்.

இன்னும் ஒன்று சொல்லி முடிக்கிறேன். இது நீ அறியாதது. நீ இந்தூரிலிருந்து வந்த அடுத்த வாரம், கடையில் மூன்று பேர் முதலாளியிடம் போய்த் தங்களுக்கும் கார்டு வேண்டும் என்று கேட்டார்கள். அதுவரை அவர்கள் கூலி அண்ணன் கணக்கிலும் மாமனார் கணக்கிலும் போய்க்கொண்டிருந்தது. அவர்களில் கன்னியம்மாவும் ஒருத்தி. அன்றைக்கு ரேஷன் கார்டு கேட்பீர்களா என்று எங்கள் எல்லாருக்காகவும் கேட்டவள், கையெழுத்துப் போடத் தெரியாது என்ற வெட்கத்தில் தனக்கென்று கார்டு வாங்காமலே விட்டிருந்தாள். பஸ் ஸ்டாண்டுக்குக்கூட எங்களோடு துணைக்குத்தான் வந்தாள். ஒரு வாரம் சாப்பாட்டு நேரத்தில் சேலைப் பெட்டி அட்டையின் பின்பக்கம் நான் அவளுக்கு எழுதிக் காட்டினேன். 'ன்னி'க்குச் சுழி எத்தனை என்பதில்தான் எங்களுக்குள் பெரிய சண்டை. பாங்க் பெண் வந்த அன்று கன்னியம்மா பேனாவை அழுத்திப் பிடித்து, நாக்கைக் கடித்துக்கொண்டு, அந்த வெள்ளைப் பட்டைக்கு வெளியே போகாமல் எழுதி முடித்தாள். பிறகு கார்டைக் கண்ணுக்கு நேராகத் தூக்கிப் பிடித்து, கடை முழுக்கக் கேட்கிற மாதிரி, ஒவ்வொரு எழுத்தாகத் தன் பெயரைத் தானே வாசித்தாள்.

அப்போது அவள் முகம் எப்படி இருந்தது தெரியுமா? மேடையில் நீ பாரத்தைத் தலைக்கு மேல் நிறுத்திய படத்தைப் பேப்பரில் போட்டிருந்தார்களே, அதே முகம். அந்த முகத்தோடு மாப்பிள்ளை வீட்டில் போய் இறங்கு, என் தங்கமே. அங்கே இருக்கிறவர்கள் உன்னை முதலில் அப்படிப் பார்க்கட்டும்.

உன் அம்மா